திறந்தவெளிக் கலைவிழாவுக்கு மறுபடியும் போகிறவர்களுக்கு

ஒரு திறந்தவெளிக் கலைவிழாவுக்குப் போய்வந்து, அதை மறக்கமுடியாமல், அடுத்த விழா எப்போது என்று நாள் எண்ணிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதல் முறை போகிறவர்களுக்கு வழிகாட்டும் குறிப்புகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. இரண்டாம் முறை போகிறவரின் தேவை வேறு. அவருக்கு இடம் தெரியும், கூட்டம் எப்போது திரளும் என்பது தெரியும், எந்த நேரத்தில் தம் கால் ஓய்ந்துபோகும் என்பதும் தெரியும். இருந்தும், சென்ற முறை தம்மை உருக்கிய நிகழ்ச்சி இந்த முறையும் அப்படியே கிடைக்கவேண்டும் என்ற ஆசைதான் அவர் மனத்தில் முந்திக்கொண்டு நிற்கிறது. அது கிடைப்பது அரிது. கலைஞர்கள் மாறியிருப்பார்கள், அன்றைய காற்றும் வெளிச்சமும் வேறாக இருக்கும், பார்க்கிற நாமும் பழைய ஆளாக இருக்கமாட்டோம். பெரும்பாலும் மாறாமல் இருப்பது நிலம்தான்: மைதானத்தின் சரிவு, மாலை வெயில் விழும் பக்கம், மழை பெய்தால் சேறாகும் பாதை, நிழல் தரும் மரங்கள். ஆகையால், பழைய நிகழ்ச்சியைத் திரும்பப் பெற முயலாமல், நிலத்தைப் பற்றி ஏற்கெனவே தெரிந்ததை முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டு, நிகழ்ச்சிகளைப் புதிதாகப் பார்க்கத் தயாராவதே மறுபடியும் போகிறவரின் வேலை என்பது என் உறுதியான எண்ணம்.

காத்திருக்கும் மாதங்களில் செய்யவேண்டியது

முதலில், சென்ற முறை எடுத்த புகைப்படங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். படத்தின் நடுவில் இருக்கும் கலைஞரை விட்டுவிட்டு, ஓரங்களைப் பாருங்கள். கைப்பேசியில் எடுத்த ஒவ்வொரு படத்திலும் எடுத்த நேரம் பதிவாகியிருக்கும். மாலை 5 மணிக்கு எடுத்த படத்தில் மேடைத் தூணின் நிழல் பார்வையாளரை நோக்கி நீண்டிருந்தால், சூரியன் மேடைக்குப் பின்னால் இருந்திருக்கிறது. அந்த நேரத்து நிகழ்ச்சியை எதிரே உட்கார்ந்து பார்த்தவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் பார்த்திருப்பார்கள். அதே மேடைக்கு, அதே நேரத்துக்கு இந்த முறை போவதானால், நடுவில் இடம் பிடிப்பதைவிடப் பக்கவாட்டில் நகர்ந்து உட்காருவது மேல் என்பதை வீட்டிலிருந்தே முடிவுசெய்துவிடலாம். விழா ஆண்டின் அதே வாரத்தில் நடந்தால் சூரியன் ஏறத்தாழ அதே இடத்தில் இருக்கும். தேதி ஒரு மாதம் தள்ளிப்போயிருந்தால் அது மறையும் திசையும் நேரமும் ஓரளவு மாறிவிடும். யார் முன்வரிசையில் நின்றார்கள், எந்தப் பக்கம் காலியாக இருந்தது, மக்கள் எந்த வழியாக உள்ளே வந்தார்கள் என்பதெல்லாம் இதே படங்களில் இருக்கும். இவற்றை ஒரு தாளில் வரைபடமாக வரைந்து, மேடைகள், தண்ணீர்க் குழாய், கழிப்பறை, முதலுதவிக் கூடாரம், நிழல் இவ்வளவையும் குறித்துவிடுங்கள். நினைவு நிகழ்ச்சிகளைப் பிடித்துவைத்துக்கொண்டு நிலத்தை நழுவவிட்டுவிடும்; அதனால்தான் இதை எழுதிவைக்கச் சொல்கிறேன்.

அடுத்தது, நீங்கள் விரும்பும் விழாவின் கால ஒழுங்கைத் தெரிந்துகொள்வது. எல்லா விழாக்களும் ஆண்டுதோறும் வருவதில்லை. ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகரில் 1977இல் தொடங்கிய சிற்பத் திருவிழா பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் நடக்கிறது. ஜப்பானின் நீகாட்டா மாநிலத்தில், வயல்களுக்கும் மலைக் கிராமங்களுக்கும் நடுவே 2000இல் தொடங்கிய எச்சிகோ சுமாரி கலைவிழா மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வருகிறது. இந்த இரண்டு இடங்களிலும் விழா முடிந்த பிறகும் பல படைப்புகள் அங்கேயே நிற்கின்றன. அப்படிப்பட்ட விழாவுக்கு மறுபடியும் போகிறவருக்கு ஒரு தனி வாய்ப்பு உண்டு: கூட்டம் இல்லாத சாதாரண நாளில் போய், மழையிலும் வெயிலிலும் இருந்து பழகிப்போன அதே சிற்பத்தைத் தனியாக நின்று பார்க்கலாம். ஆஸ்திரியாவின் பிரெகென்ஸ் நகரில், 1946இல் இரண்டு படகுகளைக் கட்டி நிறுத்தி மேடையாக்கித் தொடங்கிய ஏரி விழாவில், தண்ணீரின்மேல் எழுப்பும் பிரம்மாண்டமான மேடை அமைப்பு இரண்டு கோடைகளுக்கு அப்படியே இருக்கிறது. ஒரே இசை நாடகம் இரண்டு ஆண்டுகள் நடக்கிறது. அங்கே இரண்டாம் ஆண்டு போகிறவர் கதையைத் தெரிந்துகொண்டே போகிறார் என்பதால், கரையின் வேறொரு பக்கத்தில் இடம் வாங்கி, முதல் முறை கவனிக்காமல் விட்டதைக் கவனிக்கலாம்.

டிக்கெட் வாங்கும்போது நிகழ்ச்சி நிரலைப் படிப்பது போலவே மழை பற்றிய விதிகளையும் வரி விடாமல் படியுங்கள். பிரெகென்ஸில் வானிலை மோசமானால் நிகழ்ச்சி பக்கத்திலுள்ள உள்ளரங்குக்கு மாறும். ஆனால் ஏரிக்கரையில் சுமார் 7,000 பேர் உட்காரும் இடம் இருக்கும்போது உள்ளரங்கில் அவ்வளவு பேருக்கு இடமில்லை, ஆகவே குறிப்பிட்ட வகை டிக்கெட் வைத்திருப்பவர்கள் மட்டுமே உள்ளே போகமுடியும். ஒவ்வொரு விழாவுக்கும் இப்படி ஒரு விதி இருக்கும். நிகழ்ச்சி எத்தனை நிமிடம் நடந்து நின்றுபோனால் பணம் திரும்பக் கிடைக்கும், தேதி மாற்றித் தருவார்களா, அறிவிப்பு எங்கே வரும் என்பதை முன்னதாகவே தெரிந்துகொள்ள வேண்டும். விழாவே நின்றுபோவதும் உண்டு. பிரான்சில் நாடக இயக்குநர் ஜான் விலார் 1947இல் தொடங்கிய அவிஞ்யோன் நாடக விழா 2003இல் கலைத்தொழிலாளர் வேலைநிறுத்தத்தாலும் 2020இல் பெருந்தொற்றாலும் ரத்தானது. எச்சிகோ சுமாரி விழா 2021இலிருந்து 2022க்குத் தள்ளிப்போனது. ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் தங்குமிடத்தையும் பயணத்தையும் பதிவு செய்வது, சற்றுக் கூடுதலாகச் செலவானாலும், ஆசையோடு காத்திருப்பவருக்கு நிம்மதி தரும்.

நிகழ்ச்சி நிரலில் பாதியைக் காலியாக விடுங்கள்

முதல் முறை போனபோது எல்லாவற்றையும் பார்த்துவிட ஓடியிருப்பீர்கள். அது இயல்பு. இந்த முறை, ஒரு நாளைக்கு எத்தனை நிகழ்ச்சிகளைப் பார்க்கமுடியும் என்று தோன்றுகிறதோ அதில் பாதியை மட்டும் குறித்துக்கொண்டு, மீதி நேரத்தைக் காலியாக விட்டுவிடுங்கள். குறித்துக்கொள்ளும் பாதியிலும் உங்களுக்குப் பிடித்த பெயர்களை மட்டும் நிரப்பவேண்டாம். சென்ற முறை நேரமில்லாமல் கடந்துபோன சிறிய மேடை ஒன்று, இதுவரை உங்களுக்கு எந்தப் பழக்கமும் இல்லாத கலைவடிவம் ஒன்று என இரண்டுக்காவது இடம் கொடுங்கள். மேடையிலிருந்து மேடைக்கு நடக்கும் நேரத்தை வரைபடத்தைப் பார்த்துக் கணக்கிடும்போது, காலையில் ஆகும் நேரத்தை மாலைக்கும் எடுத்துக்கொள்ளாதீர்கள். கூட்டம் நிறைந்த பாதையில் அது இரண்டு மடங்காகிவிடும்.

காலியாக விட்ட நேரத்தில் செய்வதற்கு ஒன்றை உறுதியாகப் பரிந்துரைப்பேன்: ஒரே சிற்பத்தை ஒரே நாளில் மூன்று வேளைகளில் போய்ப் பாருங்கள். உச்சி வெயிலில், ஒளி மேலிருந்து கொட்டும்போது, உளிபட்ட கல்லின் மேல்நோக்கிய பரப்பு தட்டையாகத் தெரியும். சூரியன் இறங்கி ஒளி பக்கவாட்டில் உராய்ந்து வரும் வேளையில் அதே பரப்பில் ஒவ்வோர் உளித்தடத்துக்கும் தனித்தனியாக ஒரு சிறு நிழல் விழும். சிற்பி எந்தப் பக்கத்திலிருந்து செதுக்கினார், எந்த இடத்தில் கை மாற்றினார், எங்கே வேண்டுமென்றே சொரசொரப்பாக விட்டார் என்பது அப்போதுதான் தெரியவரும். இருட்டிய பின் விளக்கொளியில் அது மூன்றாவது உருவம் எடுக்கும். உள்ளரங்கக் காட்சிகளில் கிடைக்காத இந்த அனுபவத்தைத் தருவதற்காகவே திறந்தவெளியில் வைக்கிறார்கள் என்றுகூடச் சொல்லத் தோன்றுகிறது. சூரியன் மறைய எவ்வளவு நேரம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. கையை நேராக நீட்டி, உள்ளங்கை முகத்தைப் பார்க்கும்படி மணிக்கட்டை மடக்கி, விரல்களைக் கிடையாக வைத்து, அடிவானத்துக்கும் சூரியனின் கீழ்விளிம்புக்கும் இடையே எத்தனை விரல்கள் அடங்குகின்றன என்று பாருங்கள். கண் சூரியனை நேராகப் பார்க்காமல் விரல்களின் மேல் இருக்கட்டும். ஒரு விரலுக்கு ஏறத்தாழ 15 நிமிடம். நிலநடுக்கோட்டிலிருந்து வெகுதொலைவிலுள்ள நாடுகளில் சூரியன் சாய்வாக இறங்குவதால் இன்னும் கூடுதலாக ஆகும்.

காதுக்கு நல்ல இடம்

முன்வரிசைதான் சிறந்த இடம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஒலிபெருக்கி வைத்து நடக்கும் நிகழ்ச்சியில், ஒலியைக் கட்டுப்படுத்துபவர் தம் மேசையோடு எங்கே உட்கார்ந்திருக்கிறாரோ அதற்குச் சற்று முன்னோ பக்கத்திலோ உள்ள இடமே சிறந்தது. தம் காதில் விழுவதை வைத்துத்தான் அவர் எல்லாவற்றையும் சரிசெய்கிறார். அவருக்கு நன்றாகக் கேட்பது உங்களுக்கும் நன்றாகக் கேட்கும். மேடைக்கு மிக அருகில் போனால் ஒரு பக்கத்து ஒலிபெருக்கி மட்டும் காதை அடைக்கும். மிகப் பின்னால் போனால் கண்ணும் காதும் ஒத்துப்போகாது: காற்றில் ஒலி, 20 டிகிரி வெப்பத்தில், நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகிறது, 100 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு மத்தளத்தில் அடி விழுவது தெரிந்து ஏறத்தாழ கால் நொடிக்கும் மேல் கழிந்துதான் சத்தம் வரும்.

காற்றையும் கவனியுங்கள். மேடையிலிருந்து உங்களை நோக்கிக் காற்று வீசினால் ஒலி தரையை ஒட்டி வளைந்து நன்றாக வந்துசேரும். எதிர்த்து வீசினால் மேல்நோக்கி வளைந்து தலைக்குமேல் போய்விடும். நண்பகலில் சூடான தரையும் ஒலியை மேலே வளைத்துவிடும். தெளிந்த இரவில் தரை குளிர்ந்து அதற்கு மேலுள்ள காற்று வெதுவெதுப்பாக இருக்கும்போது நிலைமை தலைகீழாகி, தொலைவில் நடக்கும் நிகழ்ச்சியின் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்கும். ஒலிபெருக்கி இல்லாத மென்மையான நிகழ்ச்சியைக் கேட்க விரும்பினால், பெரிய மேடை ஓய்ந்திருக்கும் நேரம் எது என்று நிரலில் பார்த்துக்கொண்டு போகவேண்டியது இதனால்தான்.

வெளியில் வாசிக்கும் கலைஞர் இடையிடையே நிறுத்திச் சுருதி சேர்ப்பதைப் பார்த்துப் பொறுமை இழக்கவேண்டாம். வெயில் இறங்கிக் காற்று குளிரும்போது தந்தியின் இழுவிசை மாறுகிறது. ஈரம் ஏறும்போது மத்தளத்தின் தோல் தளர்ந்து அதன் குரல் இறங்குகிறது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால், பிடிலின் முறுக்காணியை மயிரிழை திருப்பியதும் இரண்டு தந்திகளுக்கு இடையே துடித்துக்கொண்டிருந்த அலைவு மெல்ல அடங்கி ஒன்றாவதைக் கேட்கலாம். அதுவும் அன்றைய இசையைச் சேர்ந்ததுதான்.

செவியைக் காப்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் 8 மணி நேரத்துக்கு மேல் கேட்கக்கூடாது என்பது தொழிலிடங்களுக்காக அமெரிக்காவில் பரிந்துரைக்கப்படும் அளவு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறைகிறது. அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். உலக சுகாதார நிறுவனம் 2022இல் நிகழ்ச்சி இடங்களுக்கு வகுத்த நெறியில் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்கிறது. அதுவரை போகலாம் என்றால், அங்கே நாள் முழுவதும் இருப்பவர் காதடைப்பான் இல்லாமல் இருக்கக்கூடாது என்றுதான் பொருள். நுரையாலான காதடைப்பானை விரல்களால் மெல்லிய உருளையாகத் திரட்டி, மறு கையால் காதைச் சற்று மேலே இழுத்துப் பிடித்து உள்ளே வைத்து, அது விரியும்வரை விரலால் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். இப்படி வைக்காமல் ஓரத்தில் செருகினால் பயனில்லை. இசையை ரசிக்கவேண்டும் என்பவர்கள், எல்லாச் சுருதிகளையும் ஒரே அளவில் தணிக்கும், இசைக்கலைஞர்களுக்கென்று செய்த காதடைப்பானை வாங்கிக்கொள்ளலாம். குழந்தைகளுக்குத் தலையில் மாட்டும் வகைதான் ஏற்றது.

பையில் எடுத்துப்போகவேண்டியவை

பட்டியல் நீளவேண்டியதில்லை, சென்ற முறை எடுத்துப்போய் ஒருமுறைகூட வெளியே எடுக்காததை இந்த முறை வீட்டிலேயே வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பழகிய காலணி, அகன்ற விளிம்புள்ள தொப்பி, தண்ணீர்ப் புட்டி, இலேசான போர்வை அல்லது சட்டை, பவர் பேங்க். வெயில் காப்புக் களிம்பு, வெயிலைத் தடுக்கும் திறனைக் காட்டும் எஸ்பிஎஃப் எண் 30க்குக் குறையாததாக இருக்கட்டும். வெளியே இறங்குவதற்கு 15 நிமிடத்துக்கு முன் பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும் பூசவேண்டும். தெளிந்த இரவில் புல்லில் பனி இறங்கும் என்பதால், அடிப்பக்கம் ஈரம் ஊறாத விரிப்பைத் தேர்ந்தெடுங்கள். கல் படிக்கட்டில் உட்காரும் அரங்கமானால், பகல் முழுவதும் குடித்த வெப்பத்தை அது இரவில் வெளியிடும், பிறகு சில்லிட்டுவிடும். இரண்டுக்கும் ஒரு மெல்லிய திண்டு போதும். குடையைவிட மழைக்கோட்டு நல்லது, பின்னால் இருப்பவர்களின் பார்வையை மறைக்காது. அதே காரணத்துக்காகத் தாழ்வான மடக்கு நாற்காலியையே எடுத்துப்போங்கள்.

ஒளியால் செய்த படைப்புகளைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், கண் இருட்டுக்கு நன்றாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை கைப்பேசித் திரையைப் பார்த்தால் அந்தப் பழக்கம் கலைந்துவிடும். சிவப்பு ஒளி தரும் சிறு டார்ச் ஒன்று இருந்தால் வழியும் தெரியும், கண்ணும் கெடாது.

இடி, கூட்டம்

இந்த இரண்டிலும் முடிவை அந்த நேரத்துக்கு விட்டுவைக்கக்கூடாது. மின்னலைப் பார்த்தபின் 30 நொடிக்குள் இடி கேட்டால் அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே நல்ல கட்டடத்துக்குள்ளோ, உலோகக் கூரையுள்ள மூடிய வாகனத்துக்குள்ளோ போய்விட வேண்டும். கூடாரமும் மரத்தடியும் பாதுகாப்பல்ல. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகே வெளியே வரலாம். நிகழ்ச்சி நிறுத்தப்பட்டால் ஏற்பாட்டாளரோடு வாதிடாதீர்கள். அந்த முடிவை எடுப்பது அவர்களுக்கும் வலிக்கும் ஒன்றுதான்.

கூட்டத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 5 பேருக்கு மேல் நெருங்கிவிட்டால், தனி மனிதர் தம் விருப்பப்படி நகரமுடியாத நிலை தொடங்குகிறது. நாலா பக்கமும் தோள்கள் இடிக்கின்றன என்று உணர்ந்ததுமே ஓரத்துக்கு நகர்ந்துவிடுங்கள், காத்திருக்கவேண்டாம். அதற்குள் நெரிசலில் சிக்கிவிட்டால், முன்கைகளை மார்புக்கு முன்னால் உயர்த்தி மூச்சுவிட இடம் வைத்துக்கொண்டு, கால் தடுமாறாமல் நின்று, தள்ளும் அலை ஓயும் இடைவெளிகளில் குறுக்குச்சாய்வாக விளிம்பை நோக்கி நகருங்கள். உள்ளே வந்த வழியே எல்லாரும் வெளியேறவும் திரும்புவார்கள். நிலம் தெரிந்த உங்களுக்கு மற்றொரு வாசல் தெரிந்திருக்கும். கூட வந்தவர்கள் பிரிந்துபோனால் சந்திப்பதற்கு ஓர் இடத்தைக் காலையிலேயே பேசிவையுங்கள். அலைபேசி இணைப்பு திணறும்போது அழைப்பு போகாவிட்டாலும் குறுஞ்செய்தி போய்ச்சேருவது உண்டு.

கலைஞர்களையும் புதியவர்களையும் சந்திப்பது

சென்ற முறை பேசிய கலைஞரை மறுபடியும் பார்க்க நேர்ந்தால், அவர் உங்களை நினைவில் வைத்திருக்கவேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். அவருடைய எந்தப் படைப்பு உங்களுக்குள் தங்கியது என்பதைச் சொல்லிப் பேச்சைத் தொடங்குங்கள். நிகழ்ச்சிக்கு முந்தைய அரைமணி நேரம் அவருக்குச் சொந்தம், அதில் நுழையவேண்டாம். படைப்பு வாங்கும் எண்ணம் இருந்தால், தாளில் செய்த ஓவியத்தைச் சுருட்டாமல் கொண்டுவர இரண்டு கெட்டியான அட்டைகளை வீட்டிலிருந்தே எடுத்துப்போங்கள். வாங்கியதை மாலைவரை அவரிடமே விட்டுவைக்க முடியுமா என்று கேளுங்கள்; வெயிலில் தூக்கிக்கொண்டு திரிவது நீர்வண்ணத்துக்கு நல்லதல்ல.

விழாவோடு இன்னும் நெருங்கவேண்டும் என்று விரும்புகிறவர்கள் தன்னார்வலராகப் பெயர் கொடுக்கலாம். பெரும்பாலான விழாக்களில் இதற்கான பதிவு பல மாதங்களுக்கு முன்பே முடிந்துவிடும் என்பதால், நாள் எண்ணும் காலத்திலேயே விசாரித்துவிடுங்கள். மேடை கட்டும் நாட்களில் அங்கே இருப்பவருக்கு, வெறும் புல்வெளி எப்படி அரங்கமாகிறது என்பதைக் காணும் பேறு கிடைக்கிறது. நிகழ்ச்சிகள் சிலவற்றை இழக்கவேண்டியிருந்தாலும் எனக்கு அது நல்ல பேரமாகவே தெரிகிறது.

புதியவர் ஒருவரை அழைத்துப்போகிறீர்கள் என்றால் ஒரு கட்டுப்பாட்டை மேற்கொள்ளுங்கள்: சென்ற ஆண்டு எப்படி இருந்தது என்று சொல்லிக்கொண்டே நடக்காதீர்கள். அவருக்கு இதுதான் முதல் விழா. அவர் கண்முன் இருப்பதை இல்லாத ஒன்றோடு ஒப்பிட்டால் அது சுருங்கிப்போகும். நிழல் எங்கே, தண்ணீர் எங்கே, எந்தப் பாதை வழுக்கும் என்பதை மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு, முதல் ஒரு மணி நேரம் எந்தப் பக்கம் திரும்புவது என்பதை அவரே முடிவுசெய்யட்டும், நீங்கள் பின்னால் போங்கள்.